ஜன்னலுக்கு ஐம்பது ரூபாய் கூடுதல்

கன்டோன்மென்டில் ரயில் நின்றதும் யாமினி கூட்டத்தை இடித்துக்கொண்டு ஏறினாள். நேராக வந்து என் எதிரில் நின்று, ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணையும் அவள் மடியில் மாவுக்கட்டுக் கையோடு தூங்கிக்கொண்டிருந்த சிறுமியையும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அக்கா, இது என் சீட்."

"இன்னிக்கி ஒரு நாள் நின்னுக்கம்மா. பாவம், கொழந்தைக்குக் கை ஒடஞ்சிருக்கு. ஒயிட்ஃபீல்டுல எறங்கிடுவாங்களாம்."

யாமினி சின்னப் பெண். சிவாஜிநகரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் பகலெல்லாம் நின்றே வேலை பார்ப்பவள். வீடு போய்ச் சேரும்வரை மறுபடியும் நிற்க அவள் தயங்கியது எனக்குப் புரிந்தது. அடுத்து அவள் சொன்னதுதான் புரியவில்லை.

"நான் சும்மாவாக்கா உக்கார்றேன்? ஒண்ணாந்தேதியே குடுத்துட்டேனே. ஜன்னல் வேணும்னு அம்பது ரூபா சேத்துதான் குடுத்தேன்."

சீசன் டிக்கெட்டைச் சொல்கிறாள் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். "பாஸ் எடுத்தா ஜன்னலையும் சேத்தா குடுக்கறாங்க ரயில்வேல?"

"பாஸ் இல்லக்கா. நீங்க போட்டு வெக்கற எடத்துக்கு. மாசம் முன்னூறு, ஜன்னல்னா முன்னூத்தம்பது. பிரிஜெட் ஆன்ட்டிக்கு ஜிபே பண்றேனே."

சிரித்த வாயை எப்படி மூடுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்குப் பின்னால் ஏறிய யசோதாவைப் பார்த்தேன். எங்கள் பக்கத்துத் தெருக்காரி, வருஷக்கணக்காக நான் போட்டு வைத்த இடத்தில் உட்கார்ந்து போகிறவள். அவள் சட்டென்று தலையைக் குனிந்து பையில் எதையோ தேடினாள்.

"யசோதா, இவ இன்னா சொல்றா?"

"உனக்குத் தெரியாதா கேரலு?" பையிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டாள். "பாதி உனக்குன்னுதானே சொல்லி வாங்கறா."

அதற்குள் அந்தக் குழந்தையின் அம்மா எழுந்துவிட்டாள். கன்னடக்காரி என்றாலும் நாங்கள் பேசியது அவளுக்குப் புரியாமலா இருக்கும். "பேடா அக்கா, நமகே கொத்திர்லில்லா" என்று, தெரியாமல் உட்கார்ந்துவிட்டதாக மன்னிப்புக் கேட்டாள். என் இடத்தில் உட்காரச் சொல்லி அவள் கையைப் பிடித்தேன். கையை உருவிக்கொண்டாள். சினிமாக் கொட்டகை வாசலில் பிளாக்கில் டிக்கெட் விற்கிறவளைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை. தூக்கம் கலைந்து அழுத பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டாள். ஜன்னலோரத்தில் யாமினி உட்கார்ந்து, காதில் ஒயரைச் செருகிக்கொண்டாள்.

வண்டி நகர்ந்தது. நானும் உட்கார்ந்தேன்.

இந்த வண்டியை அறியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். சாயங்காலம் பெங்களூர் மெஜஸ்டிக் ஸ்டேஷனிலிருந்து தங்கவயல் வழியாக மாரிக்குப்பம் போகிற வண்டி. சுரங்கத்தை மூடியபிறகு எங்கள் கோலார் தங்கவயல்காரர்களுக்குப் பிழைப்பு எல்லாம் பெங்களூரில்தான். தங்கம் எடுத்த ஊரில் இப்போது எல்லோரும் எடுப்பது சீசன் டிக்கெட். வண்டி அதே வண்டி, பெட்டியும் அதே பெட்டி, ஜனம் மட்டும் வருஷத்துக்கு வருஷம் கூடிக்கொண்டே போகிறது. வேலை முடிகிற நேரத்துக்குத் தோதாக இருப்பது இது ஒன்றுதான். இடம் கிடைக்காவிட்டால் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஒற்றைக் காலில் தொங்க வேண்டியதுதான்.

நான் ஸ்ரீராம்புரத்தில் ஒரு ரெடிமேட் கம்பெனியில் செக்கிங் வேலை செய்கிறேன். சட்டையில் நீட்டிக்கொண்டிருக்கிற நூலை எல்லாம் நறுக்க வேண்டும். வேலை முடிந்ததும் ஓகளிபுரம் பக்கமாக ஓட்டமும் நடையுமாக வந்தால், யார்டிலிருந்து காலி வண்டி பிளாட்பாரத்துக்குள் மெதுவாக நுழைகிற நேரத்துக்குச் சரியாக வந்துவிடலாம். அது நிற்பதற்குள் கம்பியைப் பிடித்துத் தொற்றி ஏறுவேன். லேடீஸ் பெட்டியில் எதிரும் புதிருமாக மூன்று, மூன்று. எதிர் சீட்டில் துப்பட்டாவை நீளமாக விரிப்பேன். என் இரண்டு பக்கமும் டிபன் பையும் குடையும். நடுவில் நான். கன்டோன்மென்டிலும் கே.ஆர்.புரத்திலும் ஏறுகிறவர்கள் வரும்வரை அந்த ஐந்து இடங்களைக் காப்பது என் பொறுப்பு. தமிழில், கன்னடத்தில், தெலுங்கில், உருதுவில் எல்லாம் என்னைத் திட்டியிருக்கிறார்கள். ஒரு தடவை படி தவறி முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்துபோனது. அப்போதும் ரத்தத்தைத் துடைக்காமல் முதலில் துப்பட்டாவைத்தான் விரித்தேன். எதற்கு? வர வேண்டியவர்கள் என் ஆட்கள். அவ்வளவுதான் காரணம். வேறு காரணம் ஒன்று இருக்க முடியும் என்றே அன்றுவரை எனக்குத் தோன்றியதில்லை.

முதலில் நான் இடம் போட்டது கிருஷ்ணம்மாக்காவுக்கு. கன்டோன்மென்ட் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆயா. வார்டில் நின்று நின்று முழங்கால் பன் மாதிரி வீங்கியிருக்கும். அவருக்காக ஆரம்பித்ததுதான் பிறகு நான்கு பேர், ஐந்து பேர் என்று ஆயிற்று. போன வருஷம் அவர் திடீரென்று வராமல் போனபோது, டியூட்டி மாறி முந்தின வண்டியில் போகிறாராம் என்று என் சிநேகிதி பிரிஜெட் சொன்னாள். நானும் நம்பினேன். அவருடைய போன் நம்பர்கூட என்னிடம் இல்லை. ரயில் சிநேகம் அப்படித்தான்.

பையப்பனஹள்ளி தாண்டும்போது ஒவ்வொன்றாக விளங்கத் தொடங்கியது. யசோதா முன்பெல்லாம் ஒரு டப்பாவில் சுண்டலோ அவலோ கொண்டுவந்து, எல்லோரையும்விட எனக்கு ஒரு கை அதிகமாகப் போடுவாள். அது நின்று ரொம்ப நாளாகிவிட்டது. வருகிறவர்கள் இடத்தில் உட்காரும்போது முன்பு என் தோளைத் தொடுவார்கள், "ஓடி வந்தியா, தண்ணி குடிச்சியா" என்பார்கள். இப்போது துப்பட்டாவைச் சுருட்டி என் மடியில் போடுகிறார்கள். போன வாரம் ஒருத்தி, "இன்னாக்கா, ஃபேன் ஓடாத எடமா பாத்துப் போட்டிருக்கீங்க" என்று சிடுசிடுத்தாள். எல்லோருக்கும் அலுப்பு, பெங்களூர் வேலை மனுஷரைப் பிழிந்துவிடுகிறது என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அலுப்பு இல்லை. காசு கொடுத்தவர்கள் கடைக்காரியிடம் எதற்கு அன்பாகப் பேச வேண்டும்?

என் மகள் பி.யு.சி.யில் காமர்ஸ் படிக்கிறாள். பரீட்சை சமயத்தில் பொருளாதாரப் பாடத்தைச் சத்தம்போட்டுப் படிப்பாள். மனிதனுக்குத் தேவைகள் எல்லையில்லாதவை, அவற்றைத் தீர்க்கும் பொருள்களோ குறைவு, ஆகவே எதை விடுவது, எதை எடுப்பது என்று அவன் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது என்று இங்கிலீஷில் ஒரு தடவை, எனக்காகத் தமிழில் ஒரு தடவை. "இதுக்கு ஒரு காலேஜா? ஒரு நாள் சாயங்காலம் மெஜஸ்டிக் வந்து பாருடி" என்று கிண்டல் செய்திருக்கிறேன். அந்த மெஜஸ்டிக்கில் என்ன விலை போகிறது என்று எனக்கே தெரிந்திருக்கவில்லை.

கே.ஆர்.புரத்தில் பிரிஜெட் ஏறினாள். அங்கே ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். பள்ளிக்கூடத்திலிருந்து என் சிநேகிதி, என் மகளின் ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நின்றவள். வழக்கம்போல வேர்க்கடலைப் பொட்டலத்தை என் கையில் திணித்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். எங்கள் முகங்களை ஒரு சுற்றுப் பார்த்ததுமே அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

"சொல்லணும்னுதான் இருந்தேன்" என்றாள்.

"எப்போ? நான் கால் ஒடஞ்சி கெடக்கும்போதா?"

"கத்தாத கேரல். நல்லா யோசிச்சிப் பாரு. எடம் அஞ்சி. கேக்கறவங்க எத்தினி பேரு? நீ கேட்டவங்களுக்கெல்லாம் தலையாட்டுவ. இங்க வந்து தெனம் அடிதடி. ஒருத்தி முடிய ஒருத்தி புடிச்சது மறந்துட்டியா? நான் ஒரு ரேட்டு வெச்சேன். வேணுங்கறவ குடுத்தா, வேணாங்கறவ போனா. சண்டை நின்னுதா இல்லியா?"

நின்றதுதான். போன வருஷத்திலிருந்து சண்டையே இல்லை. நான் ஜெபம் செய்ததன் பலன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"ரேட்டு வெக்க நீ யாருடீ? ஓடறது நானு."

"அதனாலதான் பாதி உன்னுது. உன் பாதில ஒத்தப் பைசா நான் தின்னல."

"எங்க அந்தப் பாதி?"

பிரிஜெட்டின் குரல் தணிந்தது. "ஜூன்ல, பாப்பாவுக்கு அட்மிஷன் கட்டினோமே."

ஜூனில் காலேஜ் ஆபீஸ் வாசலில், கடைசி நாளன்று, குறைந்த பணத்தைக் கையில் கொண்டுவந்து கொடுத்தவள் இவள். "ஞானத்தாய்னா சும்மாவா" என்றாள். அத்தனை பேர் பார்க்க அவள் இரண்டு கைகளையும் பிடித்து முத்தமிட்டு அழுதேன். வீட்டில் தினமும் ஜெபத்தில் அவள் பெயரைச் சொல்லி நன்றி சொல்கிறேன். என் கணவர், நன்றி மறக்காதே என்று பழைய கடனைப்போல அடிக்கடி ஞாபகப்படுத்துவார். அந்தப் பணம் என்னுடையதா? என்னுடையது என்றால் எதற்கு அழுதேன்? இவர்களுடையது என்றால், எதிரில் உட்கார்ந்திருக்கிற இந்தச் சின்னப் பெண்ணின் சம்பளத்தில் என் மகள் படிக்கிறாளா? பிரிஜெட்டை அறைய வேண்டும் போலவும் அவள் மடியில் விழுந்து அழ வேண்டும் போலவும் ஒரே சமயத்தில் இருந்தது. வேர்க்கடலைப் பொட்டலம் கையில் சுட்டுக்கொண்டிருந்தது. கீழே வைக்கவும் தோன்றவில்லை.

"கைல குடுத்தா நீ வாங்க மாட்ட" என்றாள் பிரிஜெட். "இப்ப பாரு, படிக்குது இல்ல?"

அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. வந்தபிறகு மற்றது எதுவும் நிற்கவில்லை.

"கிருஷ்ணம்மாக்காகிட்டயும் கேட்டியா?"

பிரிஜெட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பிரிஜெட், உன்னைத்தான் கேக்கறேன்."

"எல்லாருக்கும் ஒரே ரேட்டுதான். ஒருத்தருக்கு விட்டா இன்னொருத்தி கேக்க மாட்டாளா?"

யசோதாதான் சொன்னாள். "ரெண்டு மாசம் குடுத்தாங்க. அப்பறம் முடியல. முந்தின வண்டிக்கெல்லாம் போகல கேரலு. இதே வண்டிதான். பக்கத்துப் பொதுப் பொட்டியில ஏறிப் போறாங்க."

நான் எழுந்தேன். ஒயிட்ஃபீல்டு வந்துகொண்டிருந்தது. பிரிஜெட் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"எங்க போற? எறங்கினா எடம் போயிடும்."

கையை உதறிக்கொண்டு வாசலுக்குப் போனேன். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் என் இடத்தில் யாரோ உட்கார்ந்திருப்பார்கள். உட்காரட்டும்.

வண்டி நிற்பதற்குள் குதித்தேன். பெட்டிக்குப் பெட்டி உள்ளே வழி கிடையாது, பிளாட்பாரத்தில் ஓடித்தான் ஏற வேண்டும். ஐ.டி. கம்பெனிகளில் வேலை முடிந்து வந்தவர்கள் வாசலை அடைத்துக்கொண்டிருந்தார்கள். பின்னாலிருந்து தள்ளியதில் நான் ஏறியதே தெரியவில்லை, உள்ளே இருந்தேன்.

கழிவறைக் கதவை ஒட்டி, ஒரு செய்தித்தாளை விரித்து, கிருஷ்ணம்மாக்கா தரையில் உட்கார்ந்திருந்தார். வலது காலை மடக்க முடியாமல் நேராக நீட்டியிருந்தார். ஏறுகிறவர்கள் அதைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். ஒருவன் தாண்டும்போது பை இடித்தது. அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. பழகியிருந்தது.

என்னைப் பார்த்ததும் முகம் அப்படியே மலர்ந்தது. அதற்குப் பதில் அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

"கேரலு! நீ இன்னா இங்க?"

இரண்டு கைகளாலும் காலைத் தூக்கி ஓரமாக வைத்துக்கொண்டு எனக்கு இடம்விட்டார். உட்கார்ந்தேன். சொல்ல வேண்டியவை நிறைய இருந்தன. எனக்குத் தெரியாது அக்கா, நான் வைத்த விலை இல்லை அக்கா, ஆனால் என் வீட்டுக்குத்தான் வந்தது அக்கா. இதில் எதை முதலில் சொல்வது?

"அக்கா, நான் வந்து..." என்றேன்.

அவர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். என் தொடையில் தட்டினார்.

"அட, இதுக்கு ஏம்மா மொகம் இப்பிடிப் போவுது? நானே வந்து கேக்கணும்னுதான் இருந்தேன். உன்ன குத்தம் சொல்ல முடியுமா? தெனம் உசுரக் குடுத்து ஓடறவ நீ. உனக்கும் பொண்ணு படிக்குது." அக்கம்பக்கத்தில் யாரும் கேட்கிறார்களா என்று பார்த்துவிட்டு என் காதருகில் குனிந்தார். "இப்ப ரேட்டு எவ்ளோம்மா? பையன் வேலைக்குப் போறான், குடுத்துடுவேன். ஜன்னலெல்லாம் வேணாம். நடுவுல ஒண்ணு இருந்தாப் போதும்."

வண்டி கிளம்பியது. அவர் இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்துப் பிரித்தார். உள்ளே இரண்டு விரல்களை விட்டபடி, நான் ஒரு எண்ணைச் சொல்வதற்காக, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.