குறைந்து கூடிய இடம்

இடம் போதவில்லை என்று கம்ப்யூட்டர் மறுபடியும் சொன்னபோது கூடத்தில் ஒப்பாரி உச்சத்தில் இருந்தது. கனகலட்சுமி முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு இன்னும் நாலைந்து பழைய படங்களை அழித்தாள்.

அப்பனைக் கூடத்தில் கிடத்திவிட்டு மகள் அடுத்த அறையில் கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டு அழுகிறாளே என்று ஊர் பேசும். பேசிவிட்டுப் போகட்டும். சிங்கப்பூரில் இருக்கும் தம்பி முத்தழகுக்கு விமான டிக்கெட் கிடைக்கவில்லை. அய்யா பூமிநாதனின் முகத்தை அவன் கடைசியாகப் பார்ப்பதற்கு லைவ் ஒன்றுதான் வழி. வீடியோக்காரர் கூடத்தில் வைத்த கேமராவின் படம் இந்தக் கம்ப்யூட்டர் வழியாகத்தான் அவனுக்குப் போனது. போகும்போதே இதிலும் பதிவானது. டிஸ்க் நிறைந்தால் லைவ் நின்றுவிடும்.

அண்ணன் வீரமணி வாசல்படியில் வந்து நின்றான். கண் சிவந்திருந்தது.

"என்னத்தா, நின்னு நின்னு போகுதாம்ல. முத்தழகு போன்ல கதறுறான்."

"எடம் இல்லண்ணே. டிஸ்க்கு நெறஞ்சு கெடக்கு."

"பழசு எல்லாத்தையும் அழிச்சு விட்ரு. ஒண்ணொண்ணா தொறந்து பாத்துக்கிட்டு இருக்காத. அய்யாவே போயிட்டாரு, இனி அதுல என்ன இருக்கு?"

சொல்லிவிட்டுப் போகாமல் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டு நின்றான். பந்தலில் யாரோ கூப்பிட்டதும்தான் போனான்.

விடிகாலையில் மோட்டார் போடப் போன அய்யா மிளகாய்த் தோட்டத்துக் கிணற்றில் விழுந்துவிட்டார். கால் வழுக்கியிருக்கும் என்றார்கள். வீரமணி இருட்டோடு தொண்டிக்கு உர மூட்டை எடுக்கப் போனவன், திரும்பி வந்து பார்த்தபோது அய்யாவின் துண்டுதான் தண்ணீரில் மிதந்ததாம். போலீசுக்குச் சொல்ல வேண்டாம், அறுத்துப் பொட்டலமாகத்தான் தருவார்கள் என்று பெரியவர்கள் கூடிப் பேசி முடித்துவிட்டார்கள். பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று வீரமணிதான் எல்லாரையும் முடுக்கிக்கொண்டிருந்தான். மதுரையிலிருந்து அவள் வந்து சேர்ந்தபோது பாடை கட்ட மூங்கில்கூட இறங்கிவிட்டது.

தோட்டத்தைச் சோலார் கம்பெனிக்குக் கொடுத்துவிடலாம் என்று அவன் ஒரு வருசமாக அய்யாவை நச்சரித்துக்கொண்டிருந்தான். என் சவத்தின் மேல் ஏறிப் போய்க் கொடு என்று அய்யா ஒரு தரம் சொல்லியிருக்கிறார். அதெல்லாம் வீட்டுக்கு வீடு நடக்கிற பேச்சுதான். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

இப்போது அவளுடைய தலைவலி வேறு. நிறைய அழித்திருந்தாள். ஆனாலும் காலி இடம் மளமளவென்று குறைந்தது. லைவ் பதிவு கொஞ்சம் தின்னும், அது தெரியும். இது அதைவிட அதிகம். சரி, குறைகிறது என்று வைத்துக்கொண்டால் திடீரென்று கூடவும் செய்தது. அவள் எதையும் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். குறைந்தது, சட்டென்று கொஞ்சம் கூடியது, மறுபடி குறைந்தது.

போன வாரம் அய்யா போனில் இதைத்தான் சொன்னார். "ஆத்தா, இந்தப் பொட்டில ஒரு நேரம் எடம் இருக்குங்குது, ஒரு நேரம் இல்லைங்குது. நான் கையவே வைக்கல." மிளகாய் விலையும் மழையும் பார்க்கிறதைத் தவிர அதில் அவருக்கு வேறு வேலை கிடையாது. பொங்கலுக்கு வந்து பார்க்கிறேன்யா என்று சிரித்துவிட்டு வைத்தாள்.

குப்பைத்தொட்டி காலி. தற்காலிகக் கோப்புகளைத் துடைத்தாள். அப்டேட் எதுவும் ஓடவில்லை. ஒவ்வொரு போல்டரும் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று கூட்டிப் பார்த்தாள். கணக்கு உதைத்தது. கண்ணுக்குத் தெரிகிற எல்லாவற்றையும் சேர்த்தாலும் டிஸ்க்கில் பாதிகூட வரவில்லை. அப்படியானால் மீதியை மறைந்திருக்கும் ஏதோ ஒன்று பிடித்திருக்கிறது. கம்பெனியில் தினமும் பத்துப் பேருக்குச் செய்து கொடுக்கிற வேலைதான்.

பந்தலில் சத்தம் கேட்டது. நீர்மாலைக்குக் கிளம்புகிறார்கள். குளிப்பாட்டத் தண்ணீர் கொண்டுவர ஊருணிக்குத்தான் போவது வழக்கம். சேதுபதிச் சித்தப்பா குரலை உயர்த்தினார்.

"ஏலே வீரமணி, மனுசன் விழுந்து செத்த கெணத்துலயாடா மொள்ளுவாக? எந்த ஊரு வழக்கம் இது?"

"அய்யா வெட்டுன கெணறு சித்தப்பா. அந்தத் தண்ணிலதான் அவரு குளிக்கணும். எல்லாரும் வாங்க, ஒருத்தரும் நிக்க வேணாம்."

பெண்கள் அதைக் கேட்டு வாய்விட்டு அழுதார்கள். அம்மா பாண்டியம்மாள் மார்பில் அடித்துக்கொண்டாள். எவ்வளவு பாசம் இருந்தால் இப்படிச் சொல்லத் தோன்றும் என்று கனகலட்சுமியும் நினைத்தாள். சங்கும் சேகண்டியும் தோட்டத்துப் பக்கம் நகர்ந்தன.

மறைந்த கோப்புகளைக் காட்டு என்று கொடுத்ததும் அது வந்துவிட்டது. ஒரே ஒரு போல்டர். உள்ளே முழுக்கச் சின்னச் சின்ன வீடியோக்கள்.

கிணற்றடிக் கேமரா! மோட்டார் வயரை அறுத்துக்கொண்டு போகிறவர்களுக்குப் பயந்து இரண்டு வருசத்துக்கு முன்னால் வீரமணி மாட்டி, இந்தக் கம்ப்யூட்டருக்கு வயர் இழுத்தது. அப்படி ஒன்று இருப்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. மாட்ட வந்தவன் அண்ணனிடம் சொன்னது இப்போது ஞாபகம் வந்தது. ஆள் நடமாடினால்தான் அது பதியும். இடம் பற்றாவிட்டால் இருப்பதிலேயே பழையதைத் தானாகவே அழித்துக்கொள்ளும்.

அதனால்தான் குறைந்தது, கூடியது. அய்யா பாவம், அவருக்குப் பேய் பிடித்த பொட்டியாகத் தெரிந்திருக்கிறது.

புதிர் விடுபட்ட நிம்மதி ஒரு மூச்சு நேரம் இருந்தது. அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. ஆள் நடமாடினால் பதியும் என்றால், இன்று விடிகாலையில் நடந்ததும் இதில் இருக்க வேண்டும்.

காலையிலிருந்து ஊரே கிணற்றை எட்டிப் பார்க்கப் போய் வந்துகொண்டிருந்தது. அத்தனையும் பதிவாகிப் பழையவற்றைத் தள்ளிவிட்டிருந்தது. மிச்சம் இருந்ததிலேயே பழையது இன்று விடிகாலைப் பதிவுதான். அடுத்து அழியப்போவதும் அதுதான்.

அவள் கேமராவின் நேரடிப் படத்தைத் திறந்தாள். கிணற்றடி முழுக்கத் தலைகள். நாலு பேர் வேட்டியை விரித்துத் தலைக்கு மேல் பிடித்திருக்க, ஈர உடம்போடு வீரமணி குடத்தை நிரப்பிக்கொண்டிருந்தான். திரையின் மூலையில் காலி இடம் இறங்கிக்கொண்டே போனது.

மறுபடி போல்டருக்கு வந்தாள். முதல் வீடியோவின் மேல் நகக்கண் அளவுக்குப் படம் தெரிந்தது. மங்கலான வெளிச்சத்தில் மோட்டார் ரூம், பக்கத்தில் அண்ணனின் பச்சை பைக். தொண்டிக்குப் போயிருந்த பைக். பனியனோடு அய்யா கிணற்றுக்கு முதுகைக் காட்டி நின்றார். அவருக்கு எதிரே வீரமணி. அய்யாவின் துண்டு வீரமணியின் கையில் இருந்தது.

அவள் பதறிப்போய் மேசைக்கு அடியில் குனிந்தாள். கிணற்றடிக் கேமராவின் வயரைப் பிடுங்கினால் பதிவு நிற்கும். கொத்தாகக் கிடந்த வயர்களில் எது எது என்று தடவிக் கண்டுபிடித்துப் பிடுங்கினாள். தலை மேசையில் இடித்தது. நிமிர்ந்து பார்த்தபோது காலி இடம் கொஞ்சம் கூடியிருந்தது.

போல்டரில் அந்த வீடியோ இல்லை. இப்போது முதலில் இருந்ததில் ஊர்க்காரர்கள் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

நேரடிப் படம் வயரைப் பிடுங்கிய நொடியில் உறைந்து நின்றது. எல்லாரும் குனிந்தபடி இருக்க, குடத்தைத் தோளில் வைத்திருந்த வீரமணி மட்டும் தலையைத் தூக்கிக் கேமராவை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் அந்த வீடியோவைப் போல்டர் முழுக்கத் தேடினாள்; குப்பைத்தொட்டியிலும் இல்லை. சங்குச் சத்தம் வாசலுக்கு வந்துவிட்டது. அம்மா கூப்பிட்டாள்.

"ஏத்தா கனகு, வந்து அய்யாவுக்கு ஒரு சொம்பு ஊத்தாத்தா."

முற்றத்தில் அய்யாவைப் பெஞ்சில் உட்கார்த்திப் பிடித்திருந்தார்கள். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. வலது முழங்கையில் நாலு விரல் பட்டது மாதிரி கன்றிய தடம். காலையிலிருந்து அது அங்கேதான் இருந்தது. கிணற்றுப் படியில் அடிபட்டது என்று அவளும் நினைத்திருந்தாள்.

வீரமணி குடத்தைச் சாய்த்து ஊற்றத் தொடங்கினான். அவளைப் பார்க்காமலே கேட்டான்.

"எடம் பத்துச்சாத்தா? பழசெல்லாம் அழிச்சிட்டியா?"

அவள் சொம்பை எடுத்துக்கொண்டு அய்யாவுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அந்தக் கன்றிய தடத்தின் மேல் தன் கையை வைத்துக்கொண்டாள்.

"இல்லண்ணே. கெணத்தடி கேமராவுல விடிகாலைலருந்து எல்லாம் இருக்கு. ஒண்ணையும் அழிக்கல."

ஒப்பாரி நிற்கவில்லை. சேதுபதிச் சித்தப்பா அடுத்த குடத்தை நகர்த்தி வைத்தார்.

வீரமணி ஊற்றிக்கொண்டுதான் இருந்தான். தண்ணீர் அய்யாவின் தலைக்குப் போகாமல் அவன் காலிலேயே கொட்டிக்கொண்டிருந்தது.