ஒரு கட்டைக்கு இரண்டு குழல்

தோட்டா பாதி வழியில் நின்றுவிட்டது. தோட்டாவைக் குழலுக்குள் தள்ளும் போல்ட்டை ஹில்க்கா மெல்ல முன்னுக்கு நகர்த்திப் பார்த்தாள். கொஞ்சம் அழுத்தியும் பார்த்தாள். கசப்பு மருந்தைக் கண்ட பிள்ளை வாயை இறுக்கிக்கொள்வதுபோலத் துப்பாக்கி அதை உள்ளே வாங்க மறுத்தது. தோட்டாவை வெளியே எடுத்துவிட்டு, மழைத்தண்ணீர் இறங்காமலிருக்கக் குழலின் வாயில் ஒட்டியிருந்த நீல டேப்பைக் கிழித்தாள். ஒரே கட்டையில் மாற்றி மாற்றி மாட்டும் இரண்டு குழல்கள் அவளிடம் இருந்தன, எது எதுவென்று பார்க்க அவளுடைய கணக்கு எளிது. பென்சில் நுழைந்தால் மூஸ் என்ற பெரிய மானுக்கான குழல், நுழையாவிட்டால் காட்டுக்கோழிக் குழல். இப்போது பென்சில் தேவைப்படவில்லை, வெறும் கண்ணுக்கே தெரிந்தது. முந்தின நாள் மாலை காட்டுக்கோழிக்குப் போய்வந்து, சமையலறை மேசையில் இரண்டு குழல்களையும் துடைத்து எண்ணெய் போட்டு, இரண்டின் வாயையும் டேப்பால் மூடியிருந்தாள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே தடிமன், ஒரே நீளம், ஒரே கறுப்பு. போல்ட்டின் தலையைச் சரியாக மாற்றியிருந்தாள். தோட்டாப் பெட்டியும் சரி. துப்பாக்கியின் மேலிருந்த தொலைநோக்கியின் குமிழைக்கூட மூஸ் அடையாளத்துக்குத் திருப்பியிருந்தாள். குழலை மட்டும் மாற்றி மாட்டிவிட்டாள். மூஸ் குழல் முதுகுப்பையில், கம்பளிக் காலுறைக்குள் பத்திரமாக இருந்தது. மத்தியானத்துக்குள் வேட்டை முடிந்தால் திரும்பும் வழியில் கோழிக்கு ஆகும் என்று, அதுதான் சின்னக் குழல் என்ற நினைப்பில் கொண்டுவந்தது.

வேறு எந்த இடமாக இருந்தாலும் பரவாயில்லை. இது இரண்டு ஏரிகளுக்கு நடுவிலுள்ள குறுகலான மேடு. அந்தக் காட்டில் மூஸ் எங்கே கிளம்பினாலும் இந்த வழியாகத்தான் போகும். வேட்டைக்குழுத் தலைவர் தாவெத்தி இந்த இடத்தை யாருக்கும் லேசில் விடமாட்டார். மரலாரி ஓட்டும் ஹில்க்காவைக் குழுவில் சேர்ந்த நாள் முதல் மணல்குழி ஓரத்தில்தான் உட்கார்த்தி வைத்திருந்தார். அங்கே தபால் வண்டியைத் தவிர வேறெதுவும் வராது. அவள் கழற்றி மாட்டும் துப்பாக்கி வாங்கியதும் கேலி இன்னும் கூடியது. தினம் கழற்றுகிற குழல் தினம் ஒரு பக்கம் சுடும் என்றார் தாவெத்தி. இலையுதிர்கால ஆரம்பத்தில், குறி சரிபார்க்கும் நாளன்று, அவள் எல்லார் முன்னாலும் ஒரு குண்டு சுட்டாள், குழலைக் கழற்றினாள், மேசையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து மறுபடி மாட்டிச் சுட்டாள். அப்படியே மறுபடியும், மறுபடியும். குறித்தாளில் விழுந்த எல்லா ஓட்டைகளும் ஒரு காப்பிக் கோப்பையின் அடியில் மறைந்தன. தாவெத்தி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தாள் பழசு என்றார். ஆனாலும் மேட்டைக் கொடுத்தார். ஒரு நாளைக்கு மட்டும், அன்று சரியாக நடந்தால் நிரந்தரமாக.

குழுவில் சட்டம் ஒன்று உண்டு. தப்பான ஆயுதத்தோடு வந்து உட்காருபவர்களுக்கு மணல்குழிதான். தாவெத்தியின் மச்சான் எய்னாரி ஒரு வருடம் போல்ட்டை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்து, எதிரே வந்த மூஸைப் பார்த்து வாயாலேயே "டமால்" என்று சொன்னவர். அந்த மூஸ் மரியாதைக்குக் கொஞ்சம் தள்ளாடிவிட்டுப் போனதாகக் கேள்வி. அதிலிருந்து அவர் மணல்குழியில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

ஹில்க்கா பையை அவிழ்க்கப் போன அந்த நேரம் பார்த்து ரேமு குரைத்தது. தாவெத்தியின் நாய். குரைப்பு நெருங்கி நெருங்கி வந்து, கடைசியில் பிர்ச் மரங்களுக்கிடையில் அவளுக்கு எதிரேயே நின்றது. நாய்க்கு முன்னால் ஒரு ஆண் மூஸ். அவளுடைய லாரிக்கும் அதற்கும் உயரத்தில் பெரிய வித்தியாசமில்லை. தூரமும் ஒரு லாரி நீளம்தான். நல்ல நாய் மறித்துக் குரைத்தால் மூஸ் ஓடாது, நின்று முறைக்கும். இதுவும் முறைத்தது.

காதிலிருந்த ரேடியோ கரகரத்தது. நாயின் கழுத்துப்பட்டை அனுப்பும் புள்ளியும் ஹில்க்காவின் புள்ளியும் எல்லாருடைய போனிலும் ஒட்டிக்கொண்டு நின்றன. மொத்தக் குழுவும் காட்டில் ஆங்காங்கே உட்கார்ந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஹில்க்கா, ரேமு உன் மடியில ஏறித்தான் குரைக்குது. மான் தெரியுதா?" என்றார் தாவெத்தி.

"தெரியுது தலைவரே."

"அப்பறம் ஏன் சத்தத்தைக் காணோம்?"

"இப்பதான வந்திருக்கு. மூச்சு வாங்கட்டும்."

எய்னாரியின் குரல் குறுக்கே வந்தது. "இங்க இன்னொரு நாற்காலி இருக்கு ஹில்க்கா. அவசரமில்ல."

கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தாவெத்தி, நான் வந்து சுடுகிறேன், நீ அசையாதே என்றார். நாய்க்காரருக்கு அந்த உரிமை உண்டு. அவர் வந்தால் காலுறையைப் பார்ப்பார். தோட்டா ஏறாத குழலையும் பார்ப்பார்.

ஹில்க்கா முழங்காலில் உட்கார்ந்தாள். போல்ட்டை உருவிப் பாசியின்மேல் விரித்த தொப்பியில் வைத்தாள். திருகுசாவியை எடுக்கும்போது அது மரத்துப்போன விரல்களிலிருந்து நழுவி மேட்டோரத்துச் சதுப்புத் தண்ணீரில் விழுந்தது. முழங்கைவரை கையை விட்டுத் துழாவினாள். முதலில் ஒரு வேர் வந்தது, பிறகு வேறு யாரோ எந்தக் காலத்திலோ தொலைத்த கரண்டி வந்தது, பிறகு சாவி வந்தது. ரேமு குரைப்பதை நிறுத்திவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தது. அதன் முகத்தில், நான் எவ்வளவு நேரம்தான் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருப்பது என்ற கேள்வி இருந்தது. மூஸும் கழுத்தை நீட்டிப் பார்த்தது. கரண்டியைப் பார்த்ததா சாவியைப் பார்த்ததா என்று சொல்ல முடியாது. ரேமு பெருமூச்சு விட்டுவிட்டு மறுபடி குரைக்கத் தொடங்கியது.

திருகுகளைத் தளர்த்திக் குழலைத் தூக்கினாள். உள்சட்டையின் நுனியை இழுத்து, குழல் உட்காரும் பள்ளத்தைத் துடைத்தாள். ஒரு பைன் ஊசியிலை கிடந்தால்கூடக் குண்டு தன் இஷ்டத்துக்குப் போகும். காலுறையிலிருந்து மூஸ் குழலை உருவி, சின்னதை அதற்குள் செருகிவிட்டு, மூஸ் குழலைப் பள்ளத்தில் வைத்தாள். அது தன் இடத்தில் உட்கார்ந்த சத்தம் யாருக்கும் கேட்டிருக்காது, அவளுடைய உள்ளங்கைக்குக் கேட்டது. லாரிச் சக்கரத்துக்கு எவ்வளவு இறுக்கம் வேண்டுமென்று தெரிந்த கை அது. திருகுகள் இதற்குமேல் வேண்டாம் என்று சொன்ன இடத்தில் நிறுத்தினாள். போல்ட்டை மாட்டினாள். இந்த முறை தோட்டா வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. மூஸ் பக்கவாட்டில் திரும்பியது. ரேமு விலகியது. அவள் சுட்டாள். அது சில அடிகள் நடந்து, எதையோ யோசிப்பதுபோல நின்று, சாய்ந்தது.

"விழுந்துச்சா?" ரேடியோவில் தாவெத்தி.

"விழுந்துச்சு."

"இவ்ளோ நேரம் என்னம்மா பண்ணிக்கிட்டிருந்த?"

கிளை மறைத்தது என்று சொல்லியிருக்கலாம். குனிந்து பார்த்தாள், கையிலிருந்து இன்னமும் சதுப்புத் தண்ணீர் சொட்டியது. அந்தக் கையை வைத்துக்கொண்டு அவளுக்குக் கிளை என்று சொல்ல வாய் வரவில்லை.

"குழல் மாத்திக்கிட்டிருந்தேன்," என்றாள்.

காடு முழுக்கச் சிரித்தது. ஒரு கடுங்குளிரில் தான் சுட்ட குண்டு பாதி வழியில் உறைந்து நின்றதாகவும், ஓடிப்போய் வாயால் ஊதிச் சூடாக்கி அனுப்பியதாகவும் தாவெத்தி சொல்வார். வடக்கு சாவோ வட்டாரத்திலேயே அந்தப் புளுகை மிஞ்ச ஆளில்லை. இன்று ஹில்க்காவின் குழல் கதை அதை மிஞ்சிவிட்டது. ஒவ்வொருவராக ஆரஞ்சு உடுப்போடு பனிமூட்டத்திலிருந்து வந்து அவள் கையைக் குலுக்கினார்கள். சாவி விழுந்ததையும் கரண்டி வந்ததையும் அவள் சொன்னபோது, கரண்டிதான்டா பிரமாதம் என்றான் ஒருவன். எய்னாரி நாற்காலியை மடித்து எடுத்துக்கொண்டே வந்திருந்தார். தாவெத்தி மூஸைச் சுற்றி வந்து, குண்டு பட்ட இடத்தைப் பார்த்து, ரேமுவின் தலையைத் தடவி, மேடு இனிமேல் ஹில்க்காவுடையதுதான் என்றார்.

எல்லாரும் காப்பிக்கு நெருப்பு மூட்டத் தொடங்கினார்கள். ஹில்க்காவுக்குக் கேட்டது கிடைத்துவிட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஆனால் ஐஸ் தண்ணீரில் நனைந்த கையோடு, ஒரு மூஸ் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு பிசிறு இல்லாமல் செய்த வேலையை இவர்கள் நல்ல பொய் என்று பாராட்டிக்கொண்டிருந்தார்கள். நல்ல பொய் யார் வேண்டுமானாலும் சொல்லலாம். அவள் முதுகுப்பையைத் திறந்து, அவசரத்தில் தலைகீழாகச் செருகியிருந்த காலுறையிலிருந்து சின்னக் குழலை உருவி எல்லாருக்கும் தெரியும்படி நீட்டினாள். அவளுடைய ஈரக்கை பட்டுக் காலுறையும் நனைந்திருந்தது.

சிரிப்பு ஒவ்வொரு முகமாக அடங்கியது.

"அப்ப தப்பான குழலோடதான் வந்து உக்காந்திருந்திருக்க," என்றார் தாவெத்தி.

"ஆமா."

"சட்டம் தெரியும்ல?"

"தெரியும். முதல்ல எப்படி மாத்துனேன்னு பாருங்க. அப்பறம் எங்க வேணா அனுப்புங்க."

எய்னாரி யாரும் கேட்காமலேயே நாற்காலியைப் பாதி விரித்தார். பிறகு அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

ஹில்க்கா தன் மேலுடுப்பைக் கழற்றி மூஸின் விலாவின்மேல் விரித்தாள். மூஸின் உடம்பிலிருந்து இன்னும் ஆவி வந்துகொண்டிருந்தது. தோட்டாக்களை வெளியே எடுத்தாள், போல்ட்டை உருவினாள், திருகுகளைத் தளர்த்தினாள். காப்பிப் பாத்திரம் பொங்கி நெருப்பில் வழிந்தது, அதை இறக்கக்கூட ஆள் வரவில்லை. மூஸ் குழலைத் தூக்கி, சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்க வானத்தை நோக்கிப் பிடித்து ஒரு கண்ணை வைத்தாள். உள்ளே வளையம் வளையமாக வெளிச்சம் சுருண்டு போனது. அதன் கடைசியில் வட்டமாக ஒரு துண்டு வெள்ளை வானம். சட்டென்று அது இருண்டது. பிறகு அங்கே, மிக அருகில் இருப்பதுபோலவும் வெகு தூரத்தில் இருப்பதுபோலவும், வெளிறிய நீலக் கண் ஒன்று தெரிந்தது. தாவெத்தி அந்தப் பக்கம் குனிந்திருந்தார். கண் இமைக்கவில்லை.