முதல் முடிச்சு

நாலாயிரத்து இருநூற்று எண்பது ரூபாய். அந்தத் தொகையை மனசுக்குள் சொல்லிக்கொண்டே மருமகள் மாமியாரின் இடது கையை விரித்து, அதில் மஞ்சள் உல்லன் நூலை வைத்தாள். வலது கை ஞாயிற்றுக்கிழமையே செத்துவிட்டது. இரண்டு நாளாய் மிச்ச உடம்பு அதன் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

"ஒரே ஒரு தடவ அத்தை. மெதுவா போட்டுக் காட்டுங்க, நான் பாத்துக்கறேன்."

மாமியார் நூலைப் பார்த்தாள். பிறகு ஜன்னல் திட்டில் இருந்த டம்ளரைப் பார்த்தாள்.

"தண்ணி" என்றாள். வாய் கோணியிருந்ததால் வேறு ஏதோ சத்தம் போலத்தான் வந்தது. மருமகளுக்குப் புரிந்தது.

பிறந்த குழந்தைகளுக்கான குல்லா அறுபது. குல்லாக்காரர் கொடுத்த அந்த முன்பணம் மாமியாரின் மாத்திரையாய்க் கரைந்துவிட்டது. முப்பத்துநாலு முடிந்தது, இருபத்தாறு பாக்கி. வெள்ளிக்கிழமை கெடு. தவறினால் பணத்தை எண்ணிவைக்க வேண்டும், வேலையும் அடுத்த தெருவுக்குப் போய்விடும்.

மருமகளுக்குக் குரோஷா ஊசி பிடிக்கத் தெரியும். கல்யாணத்துக்கு முன் கட்டட வேலையில் செங்கல் சுமந்த கைதான், ஆனாலும் ஆறு வருஷத்தில் மாமியாரைவிட வேகமாய்ப் பின்னியது. ஆரம்பிக்கத்தான் தெரியாது. குல்லாவின் உச்சியில் விழுகிற, இழுத்தால் சுருங்கிக்கொள்கிற அந்த முதல் முடிச்சை மாமியார் ஒருநாளும் காட்டியதில்லை. காலையில் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, பத்து நூலில் பத்து முடிச்சுப் போட்டு நீட்டுவாள். "இந்தா, மேய்" என்பாள், மாட்டுக்குப் புல் போடுகிற மாதிரி.

"சொல்லிக் குடுத்தா என்ன கொறஞ்சிடும் அத்தை?"

"மறுநாளே என்னைத் தூக்கி வாசல்ல போட்டுடுவ. செங்கல் தூக்கினவளுக்குக் கெழவி ஒரு கனமா?"

பெற்ற மகளுக்கே சொல்லித் தராதவள். திருடித்தான் பார்ப்போமே என்று, முடிந்த குல்லா ஒன்றை மருமகள் பிரித்தும் பார்த்திருக்கிறாள். அந்தச் சுருக்கின் குணம் அப்படி, உருவினால் தடமே இருக்காது. கையில் வெறும் நூல்தான் மிஞ்சும். அவளாகப் போட்ட முடிச்சு கல்லாய் நின்றது, வளையம் சுருங்கவில்லை, குல்லாவின் உச்சியில் ஓட்டை விழுந்தது. நேற்று வந்த குல்லாக்காரர் அதில் விரலை விட்டு ஆட்டினார். ஊருக்கெல்லாம் குல்லா விற்கிற அந்த மனிதரின் தலையில் குல்லாவும் கிடையாது, முடியும் கிடையாது.

"கொழந்தையோட மூளை இது வழியா எட்டிப் பாக்கணுமா?" என்று இரண்டைத் தூக்கி எறிந்துவிட்டுப் போனார்.

மருமகள் டம்ளரை எடுத்தாள். மாமியாரின் உதட்டருகே கொண்டுபோய் நிறுத்தினாள்.

"முடிச்சப் போடுங்க. தண்ணி தரேன்."

டம்ளர் ஆடவில்லை. அவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தாள்.

மாமியாரின் இடது கை அசைந்தது. விரல்கள் ஒவ்வொன்றாய் நூலின்மேல் மடிந்தன. மருமகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். விரல்கள் மடிந்துகொண்டே போய் முஷ்டியாக மூடிக்கொண்டன. கோணிய வாயின் நல்ல பக்கம் சிரித்தது.

அந்தச் சிரிப்பு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. ரொம்ப நேரம் இருந்தது. அப்புறம்தான் மருமகளுக்கு உறைத்தது. அவசரமாய் டம்ளரைச் சாய்த்தாள். தண்ணீர் தாடை வழியாய் இறங்கித் தலையணையை நனைத்தது.

மத்தியானத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது. நாத்தனார் வந்து தாயின்மேல் விழுந்து அழுதாள். அழுகைக்கு நடுவே தலையைத் தூக்கினாள்.

"கடைசியா அம்மா தண்ணி குடிச்சாங்களா அண்ணி?"

"குடிச்சாங்க."

"எவ்ளோ?"

"முழு டம்ளர்."

கணவன் கூட்டிவந்த சவ வண்டிக்காரர் மாடிப்படியைக் கண்ணால் அளந்தார். "படி குறுகல். காலு விரியாம கட்டினாத்தான் எறக்க முடியும். கயிறு இருக்காம்மா?"

கயிறு இல்லை. மருமகள் மாமியாரின் முஷ்டியைப் பிரித்து, அந்த நூலையே எடுத்துக் கொடுத்தாள். பிரிக்கக் கொஞ்சம் பலம் வேண்டியிருந்தது.

வண்டிக்காரர் நூலை இரண்டு விரலில் ஒரு சுற்றுச் சுற்றினார். நுனியைப் பின்னால் விட்டார். அதிலிருந்து ஒரு மடிப்பை வளையத்துக்குள் கொடுத்து வெளியே எடுத்தார். மடிப்பை மாமியாரின் இரண்டு கால் கட்டைவிரல்களிலும் மாட்டி, நுனியை இழுத்தார். சரக்கென்று சுருங்கியது.

மருமகளின் அழுகை நின்றது.

"அண்ணே, அவுத்துட்டு மறுபடி கட்டுங்க."

"ஏம்மா, நல்லாத்தானே இருக்கு?"

"இறுக்கிட்டீங்க. அத்தைக்கு வலிக்கும்."

கூடியிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நாத்தனார் மார்பில் அடித்துக்கொண்டாள். "வலிக்குமாம்! பெத்த மக எனக்குத் தோணலையே, பாவி எனக்கு!"

வண்டிக்காரர் உருவினார். முடிச்சு தடமில்லாமல் போனது. மறுபடி கட்டினார்.

"இன்னும் கொஞ்சம் மெதுவா."

மூன்றாம் தடவை அவர் பெருமூச்சு விட்டார். "பொணத்துக்கு அவசரமில்லம்மா. கீழ நிக்கிற வண்டிக்கு இருக்கு."

"குடுங்க, நானே கட்டறேன்."

காலடியில் உட்கார்ந்தாள். ஒரு சுற்று. ஒரு மடிப்பு. வளையத்தை மாட்டி நுனியை இழுத்தாள். சுருங்கியது. இன்னும் இழுத்தாள். நூல் தோலுக்குள் புதைகிறவரை இழுத்தாள். வலிக்கும் என்று இந்தத் தடவை யாரும் சொல்லவில்லை.

செத்த வீட்டில் ஊசி ஓடுகிறதே என்று பக்கத்து வீடுகளில் பேசிக்கொண்டார்கள். கடனுக்குத் துக்கம் தெரியுமா? வெள்ளிக்கிழமை குல்லாக்காரர் அறுபதையும் ஒவ்வொன்றாய் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். விரல் விட ஓட்டை கிடைக்கவில்லை. மிச்ச நூலைத் தராசில் வைத்தார்.

"கொஞ்சம் கொறையுதே?"

"அத்தை கால்ல போயிடுச்சு."

அவர் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டார். "சரி, அத எழுதல." நோட்டைத் திறந்து, நாலாயிரத்து இருநூற்று எண்பதின்மேல் குறுக்கே ஒரு கோடு போட்டார். புது நூல்கண்டுகளை வைத்துவிட்டுப் படியிறங்கினார்.

ஊருக்குத் திரும்பாமல் தங்கியிருந்த நாத்தனார் மெதுவாய் நகர்ந்து வந்தாள். கையில் தாயின் ஊசி.

"அண்ணி, எனக்கும் அந்த முடிச்சச் சொல்லிக் குடுங்களேன். வீட்டுல சும்மாதானே கெடக்கறேன்."

மருமகள் ஒரு கண்டை எடுத்து நுனியைத் தேடினாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, நூலை மடிக்குள் மறைத்து, முடிச்சுப் போட்டுக்கொண்டு திரும்பினாள்.

"இந்தா" என்று நீட்டினாள்.