பச்சைத் தண்ணி

கல்யாணத்துக்கு நாலு வருஷம் முன்பே அந்தக் கார் வீட்டுக்கு வந்துவிட்டது. அதனால் டீச்சர் அதை "மூத்தவ" என்றுதான் சொல்வாள். நாற்பது வயதைத் தாண்டிய வண்டி. இந்த மாதம் மட்டும் இரண்டு தடவை நடுரோட்டில் கொதித்து நின்றது. இரண்டாவது தடவை டீச்சரும் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு தள்ளினாள்.

"இன்னொரு தடவை கொதிச்சா வித்துடணும்" என்றாள். தபால்காரரான அவள் கணவர் தலையாட்டிவிட்டார். அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, ஈயம் வைத்து ஒழுகலை அடைத்த ரேடியேட்டரைத் திரும்ப மாட்டினார். உள்ளே அலசியபோது துருத் தண்ணீர் காபி நிறத்தில் வடிந்தது. இனி எதை ஊற்றுவது? இன்ஜின் சூட்டைத் தணிக்க மச்சான் கொடுத்த சிவப்பு கூலண்ட் மேசைமேல் இருந்தது. அஞ்சு வருஷம் தாங்குமாம். ஆசையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. கடைசியில் பழைய வழக்கத்துக்கே வந்தார்.

"கடைக்குத்தானே போறே? பச்சைத் தண்ணி ஒரு கேன் வாங்கிட்டு வா. குழாய்ல காத்துதான் வருது."

ஒரு மணி நேரம் கழித்து அவள் கொண்டுவந்த கேனுக்குள் கிளிப்பச்சையாக ஏதோ குலுங்கியது.

"என்ன இது?"

"பச்சைத் தண்ணி."

"ஐயோ, நான் சாதா தண்ணியைச் சொன்னேன்!"

"கெமிஸ்ட்ரி டீச்சர்கிட்ட பச்சைன்னா பச்சைதான்." உதட்டோரம் சிரிப்பு ஒளிந்திருந்தது. தெரிந்தேதான் செய்திருக்கிறாள். "வெறும் தண்ணிய ஊத்தி ஊத்தித்தான் உள்ளே துரு அடைச்சிருக்கு."

"அப்போ உன் தம்பி குடுத்தது?"

"அவன் வண்டில ரேடியேட்டர் அலுமினியம். மூத்தவளுக்குச் செம்பு, பித்தளை, ஈயம். அந்தச் சிவப்பு ஈயத்தை அரிச்சாலும் அரிச்சிடும். பச்சையிலயும் பல தினுசு இருக்கு, கலரை நம்பக் கூடாது. கடைக்காரரை மூணு கேன் இறக்க வச்சு லேபிளைப் படிச்சேன். மனுஷன் என்னை முறைச்சிட்டாரு."

பேட்டரிக்கு ஊற்றும் சுத்தமான தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினார்கள். பாலத்து மேடு வரை போய்த் திரும்பினார்கள். வழியெல்லாம் அவர் ரோட்டைவிட, சூடு காட்டும் முள்ளைத்தான் அதிகம் பார்த்தார். முள் பாதியில் ஏறி நின்றது, அதற்குமேல் அசையவில்லை.

வீட்டுக்கு வந்ததும் காலி கேனைத் திருப்பிப் பார்த்தார். 'இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றவும்.' அதன் கீழே, பரீட்சைப் பேப்பர் திருத்தும் சிவப்புப் பேனாவால் ஒரு தேதி. சரியாக இரண்டு வருஷம் தள்ளி.

"இதை எப்போ எழுதினே?"

"கடையிலயே."

"வண்டி கொதிக்குமா கொதிக்காதான்னு தெரியறதுக்கு முன்னாடியேவா? கொதிச்சிருந்தா?"

"வேற என்ன கோளாறுன்னு பார்த்திருப்போம்."

"வித்துடணும்னு நீதானே சொன்னே!"

"கோவத்துல சொன்னேன்," என்று அவர் கையிலிருந்து கேனை வாங்கிக்கொண்டாள். "நீங்க ஏன் தலையாட்டினீங்க?"