சேற்றுக் கிருமிக்கு ஒரு விஷம்

சிகாமட்டில் வெள்ளம் வடிந்த மறுநாளே அண்ணன் லெட்சுமணன் எஸ்டேட்டில் செம்பனைக் குலை வெட்டப் போனான். காலில் வெட்டுக்காயம், பூட்ஸுக்குள் சேறு. சேற்றுக் கிருமி காயம் வழியாக உள்ளே போனது. ஆஸ்பத்திரியில் முதலில் ஏற்றிய மருந்து அதைத் தொடவே இல்லை. கிருமி எதுவென்று தெரிந்தபோது அவனை எரித்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

அழுது முடித்த பிறகு எனக்கு ஒரே ஆசைதான் மிஞ்சியது. அதைக் கொல்ல வேண்டும்.

கெலாங் பாத்தாவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. உயிருள்ள கிருமியை இங்கே வைக்க அனுமதியில்லை. அது வளரத் தேவையான ஒரு நொதி மட்டும் குப்பியில் இருக்கும். அந்த நொதியை நிறுத்தும் மூலக்கூறை வடிவமைப்பது என் பொறுப்பு. காலையில் குப்பியை எடுக்கும்போதே, "வாடி சனியனே" என்பேன். பக்கத்து மேசை பிரவீனா சிரிப்பாள்.

நாற்பத்தொன்றாவது மூலக்கூறு நொதியை அடியோடு நிறுத்தியது. தலைவர் ஜஹாங்கீரிடம் ஓடினேன்.

"உயிருள்ள கிருமி மேல சோதிக்க இதை அனுப்புங்க, டாக்டர்."

"நம்ம உடம்புலயும் இதே மாதிரி ஒரு என்சைம் இருக்கே யோகேஸ். அதுல போட்டுப் பார்த்தியாம்மா?"

பார்க்கவில்லை. ஆத்திரத்தில் அந்தச் சோதனையையே விட்டிருந்தேன். அன்றே செய்தேன். மனித நொதியும் நின்றுபோனது.

"கிருமி சாகுதுல்ல? போதும் லா," என்றேன்.

"ஆளும் சேர்ந்து சாவான் அக்கா," என்றாள் பிரவீனா. "அதுக்கு எஸ்டேட் ஸ்டோர்ல களைக்கொல்லியே இருக்கே!"

சுருக்கென்றது. பள்ளி விடுமுறையில் களைக்கொல்லி தெளித்தவள் நான். லாலான் புல் கருக வேண்டும். செம்பனைக் கன்றின் மேல் ஒரு சொட்டுப் படக் கூடாது. கோபத்தில் வீசி அடிப்பவளை வேலை வாங்கும் மண்டோர் மறுநாள் கூப்பிட மாட்டார்.

இரண்டு நொதிகளின் வடிவத்தையும் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தேன். மருந்து போய் உட்காரும் குழியில், கிருமிக்கு ஒரு மூலை காலி. நமக்கு அங்கே பருத்த அமினோ அமிலம் ஒன்று அடைத்துக்கொண்டிருந்தது. அந்த மூலைக்கென்று ஒரு வளையத்தை மூலக்கூறில் ஒட்டினால், நம் நொதிக்குள் அது நுழைய முடியாது.

சொல்வது சுலபம். ஐந்து மாதம் ஆனது. பதினொன்று வீண். ஐம்பத்துமூன்றாவது முந்தையதைவிடச் சற்று வலுக் குறைவுதான். ஆனால் கிருமியின் நொதி நின்றது. மனித நொதி அது பாட்டுக்கு ஓடியது.

உயிருள்ள கிருமி வைத்திருக்கும் வெளியூர்க் கூடத்துக்கு அனுப்பினோம். பத்தாம் நாள் படம் வந்தது. சோதனைத் தட்டில் மருந்து விடாத குழிகளில் கிருமி வளர்ந்து கலங்கலாக இருந்தது. விட்ட குழிகள் தெளிவாக இருந்தன.

"இனிமே எலி, அப்புறம் மனுஷன். பத்து வருஷம் ஆகும். நடுவுல தோத்தாலும் தோக்கும்," என்றார் ஜஹாங்கீர்.

"கிருமி சாக எவ்வளவு நேரம் ஆச்சு?"

"ஆறு மணி நேரம். நல்ல வேகம்."

"இன்னும் மெதுவா செத்திருக்கலாம், டாக்டர்."

"நோயாளிக்கு வேகம்தானேம்மா வேணும்?"

தெரியும். ஆனாலும் படத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு குழியாக, நிதானமாகப் பார்த்தேன்.