நாலாவது மாடியில் நிற்கும் லிஃப்ட்

படுத்த படுக்கையாகக் கிடந்த கணவரின் உதட்டில் அவள் ஈரப்பஞ்சை ஒற்றிக்கொண்டிருந்தபோது வெளியே லிஃப்ட் மணி அடித்தது. பஞ்சைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு ஓடிப்போய் வாசல் கதவைத் திறந்தாள். நாலாவது மாடி நடையில் ஒருவரும் இல்லை. திறந்து நின்ற லிஃப்டுக்குள்ளும் இல்லை. அதன் பின்சுவர்க் கண்ணாடியில் அவள்தான் தெரிந்தாள்.

"வந்துட்டியா?" என்றாள் மெதுவாக. லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது.

பதினோரு வருடமாக இப்படித்தான். ஒன்பது வயது மகள் காய்ச்சலில் போனாள். எல்லோரும் குருவி என்று கூப்பிட்ட பெண். லிஃப்ட் பொத்தானை அவளுக்கு முன்னால் யாரும் அழுத்திவிட முடியாது. அடக்கம் முடிந்த வாரமே லிஃப்ட் ஆளில்லாமல் நாலாவது மாடிக்கு வர ஆரம்பித்தது. எதிர்வீட்டுத் தையற்காரி அன்றிலிருந்து படியில்தான் ஏறி இறங்குகிறாள். "மூட்டுவலி வந்தா வரட்டும்க்கா. உள்ள ஏறினா முதுகுக்குப் பின்னால யாரோ நிக்கிற மாதிரியே இருக்கு" என்பாள்.

இவளுக்குப் பயமில்லை. சாகக் கிடந்த எத்தனையோ பேரின் கட்டிலருகே முழங்காலிட்டு, நித்திய ஜீவன் உண்டென்று ஜெபித்தவள். ஆனால் சொந்த மகள் விஷயத்தில் அவள் கையில் இருந்த ஒரே நிச்சயம் அந்த மணிச்சத்தம்தான்.

"அதுகிட்ட என்ன பேசுற?"

இரண்டு நாளாக வாய் திறக்காத கணவரின் குரல். ஆயுள் முழுக்க லிஃப்ட் மெக்கானிக். இந்தக் கட்டடத்து லிஃப்டும் அவர் பொறுப்பில்தான் இருந்தது.

"ஒண்ணுமில்ல. தூங்குங்க."

"இனிமே அதானே வேலை. இங்க உக்காரு." மூச்சை வாங்கிக்கொண்டார். "அது அவ இல்ல. நான்."

அவளுக்குப் புரியவில்லை. அவர் விட்டு விட்டுச் சொன்னார். சும்மா இருக்கும் லிஃப்ட் எந்த மாடியில் காத்திருக்க வேண்டும் என்பதை மொட்டைமாடி இயந்திர அறையில் குறித்து வைக்கலாம். பொதுவாகத் தரைத்தளம், வருகிறவர்கள் அங்கேதானே வந்து நிற்பார்கள். மூன்று நிமிடம் யாரும் பொத்தானைத் தொடாவிட்டால் அது தானாக அங்கே போய், ஒருமுறை கதவைத் திறந்து மூடிவிட்டு நிற்கும். அந்தத் தளத்தை அவர் நாலாவது மாடியாக மாற்றியிருந்தார்.

"அன்னிக்கு அவளைத் தூக்கிட்டு நின்னோமே. லிஃப்ட் கீழ இருந்து வந்துச்சு. நாப்பது செகண்டு. அவ போனது அதனால இல்லன்னு டாக்டர் சொன்னாரு. ஆனா எனக்கு அந்த நாப்பது செகண்டு முடியவே இல்ல. இனிமே இந்த வீட்டுல யாரும் லிஃப்டுக்காக நிக்கக் கூடாதுன்னு மாத்தினேன். அப்புறம் ஒருநாள் நீ அதுகிட்ட பேசுறதைக் கேட்டேன். சொல்ல நாக்கு வரல."

"பதினோரு வருஷமா ஒரு சுவிட்சுகிட்டயா பேசிட்டிருந்தேன்?" கிண்ணத்தை நகர்த்தி வைத்தாள். "சொல்லாமலே போயிருக்கலாமே நீங்க!"

"போயிருந்தா, நாளைக்கு என்னையும் அதுக்குள்ளதான் தேடுவ."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எதிர்வீட்டில் தையல் மெஷின் ஓடி, நின்று, மறுபடி ஓடியது.

"அவ வரமாட்டா, குருவிம்மா." அந்தப் பெயரால் அவளைக் கூப்பிட்டுப் பதினோரு வருடமாகிறது. "ஆண்டவர்கிட்ட இருக்கிற பிள்ளை இந்த ஓட்டை லிஃப்டுல எதுக்கு வரணும்? நாமதான் போகணும்."

"ஆலயத்துப் பக்கம் தலைவச்சுப் படுக்காத மனுஷன். ஞாயித்துக்கிழமையானா எவனோ லிஃப்டுல மாட்டிக்கிட்டான்னு ஓடிடுவீங்க. இப்ப எனக்குப் பிரசங்கமா?"

"மாட்டிக்கிட்டவன் உள்ள இருந்து பண்ற ஜெபத்தை வெளிய நின்னு கேட்டவன் நான். உங்க பாஸ்டரை விட ஜாஸ்தி கேட்டிருக்கேன்."

அவள் சிரிக்கவில்லை. "பயமா இல்லையா?" என்றாள். அத்தனை கட்டிலருகே நின்றும் யாரிடமும் கேட்கத் துணியாத கேள்வி.

"லிஃப்ட் பிரேக்கைப் பத்திச் சொல்லியிருக்கேனா?"

"ஆயிரம் தடவை."

"இன்னொரு தடவை கேளு. கரண்ட் இருக்கிற வரைக்கும் பிரேக் விலகி நிக்கும். கரண்ட் போனா ஸ்பிரிங் வந்து கவ்விக்கும். கரண்ட்தான் தாங்குதுன்னு எல்லாரும் நெனைக்கிறாங்க. அது போனப்புறம்தான் பிடிச்சுக்கிறது எதுன்னு தெரியும்." கண்ணை மூடினார். "இயேசு பிடிச்சுக்குவாரு. எனக்கு ஜெபம் பண்ணு. ஊருக்கெல்லாம் பண்ணுவியே, அதே மாதிரி."

முழங்காலிட்டாள். ஊருக்கெல்லாம் சொன்ன வார்த்தைகளில் ஒன்றுகூட வரவில்லை. வெளியே மணி அடித்து, கதவு திறந்து, மூடியது. எழுந்து போகத் தவித்த காலை அடக்கிக்கொண்டு அவர் கையைப் பிடித்தாள்.

"ஆண்டவரே, இவர் வர்றாரு. இவரால படி ஏற முடியாது. குருவிகிட்ட சொல்லிடுங்க, அப்பா வர்றாருன்னு."

அவர் உதட்டோரம் லேசாக அசைந்தது. அதற்குப் பிறகு ஒரு மூச்சுக்கும் அடுத்ததுக்கும் நடுவே தூரம் கூடிக்கொண்டே போனது. நாலு மணி வாக்கில், அடுத்தது வரவில்லை.

அடக்கம் வரை அவரைப் பிணவறையில் வைக்க, வண்டிக்காரர்கள் இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரோடு வந்தார்கள். ஒருவர் லிஃப்டை அளந்து பார்த்துவிட்டு, "நீளம் பத்தாதும்மா. நிமிர்த்தித்தான் கொண்டுபோகணும்" என்றார்.

"வேணாம், இருங்க."

அவர் எப்போதோ சொன்னது நினைவுக்கு வர, ஆணியில் தொங்கிய அவருடைய சாவிக்கொத்திலிருந்து முக்கோண வாய் வைத்த சாவியைத் தேடி எடுத்தாள். கண்ணாடிக்குக் கீழே இருந்த சின்னத் துளையில் விட்டுத் திருப்பினாள். பின்சுவரின் கீழ்ப்பாதி கதவாகத் திறந்தது. உள்ளே ஆழமாக ஒரு பொந்து, படுத்திருப்பவரின் கால் நீள்வதற்கு. அது அங்கே இருப்பது கண்ணாடியில் முகம் பார்த்தவர் யாருக்கும் தெரியாது.

"இது எப்பக்கா வச்சது?" என்றாள் நடையில் வந்து நின்ற தையற்காரி.

"செய்யும்போதே."

லிஃப்டில் அவரோடு இறங்கினாள். தையற்காரி படிவழியாக வந்து சேர்ந்தாள். வண்டி தெருமுனையில் திரும்பி மறையும்வரை இருவரும் நின்றுவிட்டுத் தரைத்தளத்துக்கு வந்தார்கள்.

லிஃப்ட் கதவு மூடியிருந்தது. கொஞ்ச நேரத்தில், யாரும் தொடாமலே, அது கிளம்பியது. அது வருவதைத்தான் அவள் பார்த்திருக்கிறாள், போவதைப் பார்த்ததில்லை. கதவுக்கு மேலே ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்கள் எரிந்து அணைந்தன. உச்சியில் எங்கோ மணி மெல்லக் கேட்டது.

தையற்காரி பொத்தானிடம் கையைக் கொண்டுபோனாள். "கீழ வரச் சொல்லவாக்கா?"

"வேணாம்."

அவள் கழுத்தை நிமிர்த்தி, அணையாமல் நின்ற நாலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.