ஹாலரனின் மூக்குக்கண்ணாடி

ஓய்வு பெறுகிற போலீஸ்காரனை மேடையில் உட்கார வைத்து மானத்தை வாங்குவது கார்வில் நகரத்து வழக்கம். பூங்கொத்து, பாராட்டுரை எல்லாம் அவர்களுக்கு ஒத்துவராது. கூட வேலை செய்தவர்கள் ஒவ்வொருவராக மைக்கைப் பிடித்து, அவனுடைய முப்பது வருஷத்து அசட்டுத்தனங்களைப் புட்டுப் புட்டு வைப்பார்கள். எவ்வளவு கிழிக்கிறார்களோ அவ்வளவு பிரியம் என்று கணக்கு. கடைசியில் போலீஸ் தலைவர் எழுந்து, மரச்சட்டத்தில் பதித்த பழைய பேட்ஜைக் கையில் கொடுத்து நாலு நல்ல வார்த்தை சொன்னால் விழா முடிந்தது.

அந்த வெள்ளிக்கிழமை மாலை அப்படிப் பேட்ஜ் கொடுக்க வந்திருந்தவள் ரெனாட்டா கோவாக். போலீஸ் தலைவி ஆகி மூன்று வாரம்தான் ஆகிறது. தவக்காலத்து வெள்ளியில் கறி தின்னமாட்டார்கள் என்பதால் போலீஸ் சங்கக் கூடம் முழுக்க மீன் பொரிக்கிற வாசனை. பழைய தலைவர் லஞ்ச விவகாரத்தில் நாறிப்போய் இறங்கியபின், மத்திய அரசு வக்கீலாகப் பேர் வாங்கிய இவளை மேயர் கெஞ்சாத குறையாகக் கூட்டிவந்தார். "பொய் சொல்ற போலீஸ்காரனுக்கு என்கிட்ட இடம் கிடையாது" என்று பதவியேற்ற அன்றே சொன்னாள். கைதட்டினார்கள். போலீஸ்காரர்களும் சேர்ந்தே தட்டினார்கள் என்பதுதான் வேடிக்கை.

அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது ஒரே ஒரு வழக்கு. பதினோரு வருஷத்துக்கு முன் ஒரு தபால்காரரைப் பட்டப்பகலில் சுட்டுப் போட்டுவிட்டார்கள். தபால்காரர் மத்திய அரசு ஊழியர் என்பதால் வழக்கு ரெனாட்டாவிடம் வந்தது. துப்பாக்கி கிடைத்தது ஒரு வீட்டில். அந்த வீட்டில் இருந்தவர்கள் நாலு பேர். அதில் லமார் டில்லர்ட் என்பவன்தான் அதை ஒளித்து வைத்தான் என்று கண்ணால் பார்த்துச் சொன்னவர் ஒருவர்தான், இன்று மேடையில் உட்கார்ந்திருந்த துப்பறிவாளர் டென்னிஸ் ஹாலரன். லமாருக்கு ஆயுள் தண்டனை. இன்னும் உள்ளேதான் இருக்கிறான்.

அவனுடைய அம்மா ஒடெஸா, மழையோ பனியோ, நகராட்சி மண்டபப் படியில் ஒரு பலகையோடு நிற்பாள். 'திரை மூடியிருந்தது' என்று எழுதியிருக்கும். பதவியேற்பு அன்றுகூட ரெனாட்டா அந்தப் பலகையைத் தாண்டித்தான் உள்ளே போனாள். பிள்ளையைப் பெற்றவள், நம்பத்தான் செய்வாள் என்று நினைத்துக்கொண்டாள்.

மைக்குக்கு வந்தான் வின்ஸ் ஸ்கார்பா, ஹாலரனோடு ஒரே வண்டியில் வருஷக்கணக்காகச் சுற்றியவன்.

"இந்த மனுஷனுக்குக் கண்ணாடி இல்லேன்னா பொண்டாட்டிக்கும் தபால் பெட்டிக்கும் வித்தியாசம் தெரியாது. ஒருநாள் காலைல என் வண்டில ஏறுனான். எங்க உக்காந்தான்? கழட்டி சீட்டுல வச்சிருந்த அவன் கண்ணாடி மேலயே! ரெண்டாப் போச்சு. அன்னிக்குன்னு பாத்து டில்லர்ட் வீட்டை நோட்டம் விடணும். எதிர்ப்பக்கம் வண்டியப் போட்டோம். 'வின்ஸ், அதுல வீடு எதுடா?'ன்னு என்னைக் கேக்குறான்யா!"

கூடம் குலுங்கியது. ரெனாட்டாவும்தான் சிரித்தாள்.

"இப்பேர்ப்பட்டவன் கோர்ட்டுல ஏறி என்ன சொன்னான்? ரோட்டுக்கு அந்தாண்டை, ஜன்னல் திரையில ரெண்டு விரக்கடை சந்து வழியா, லமார் துப்பாக்கிய சோபா மெத்தைக்கு அடியில சொருவுனதப் பாத்தானாம்! குருடனுக்குக் கண்ணு குடுத்த ஏசுநாதர் அன்னிக்கு நம்ம தெருவுக்கே வந்திருக்காரு!"

மேஜைகளைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். யாரோ ஒரு பெரிய பிளாஸ்டிக் கண்ணாடியைக் கொண்டுவந்து ஹாலரனுக்கு மாட்டிவிட்டார்கள். அவர் எழுந்து, அதைப் போட்டுக்கொண்டே, ரெனாட்டா இருந்த பக்கம் குனிந்து வணங்கினார்.

ரெனாட்டாவின் வாயில் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. முள்கரண்டியில் குத்திய மீன் துண்டு தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. உட்கார்ந்திருந்த நாற்காலியை யாரோ உருவிவிட்டதுபோல இருந்தது. அன்று கோர்ட்டில் அந்தக் கேள்வியைக் கேட்டதே அவள்தான். 'கண்ணாடி போட்டிருந்தீர்களா?' 'கண்ணாடி இல்லாமல் நான் கட்டிலை விட்டே இறங்குவதில்லை.' ஜூரியில் இரண்டு பேர் புன்னகை செய்தார்கள். அந்தப் புன்னகையைப் பார்த்துத்தான் வழக்கு ஜெயித்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது.

இருநூறு பேர் சிரிக்கிறார்கள். ஒருத்தர் முகத்திலாவது பயம் வேண்டாமா? சத்தியம் செய்துவிட்டுச் சொன்ன பொய்யைப் போலீஸ் தலைவியின் முன்னாலேயே, அதுவும் வழக்கை நடத்தியவளின் முன்னாலேயே, மிட்டாய் போல எடுத்து நீட்டுகிறார்களே!

ஹாலரன் சமையலறைப் பக்கம் போனதும் பின்னாலேயே போனாள். அவர் பொரித்த மீனை ஊதி ஊதித் தின்றுகொண்டிருந்தார். நல்ல மனுஷர். அவளுடைய அப்பா செத்தபோது ஒரு வாரம் சூப் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனவர்.

"வின்ஸ் சொன்னது நெஜமா?"

"கண்ணாடி மேல உக்காந்ததா? தழும்பு இன்னும் இருக்கு மேடம், எடம்தான் சரியில்ல."

"ஹாலரன், அந்தத் துப்பாக்கி எங்க இருந்துச்சு?"

இது என்ன கேள்வி என்பதுபோலப் பார்த்தார். "கீழ்த்தளத்துல, வாஷிங் மெஷினுக்குப் பின்னாடி. நான்தான முதல்ல உள்ள போனேன். எடுத்தாந்து மேல சோபா மெத்தைக்கு அடியில வச்சேன். நாலு பேரு இருக்கற வீட்டுல யாரு வச்சான்னு எப்படிச் சொல்றது? நீங்கதான் சொன்னீங்க, கண்ணால பாத்த ஆள் இல்லாம ஜூரி முன்னாடி போக மாட்டேன்னு. மறுநாள் வந்து நான் பாத்தேன்னு சொன்னேன்."

"எனக்கு இது தெரியாது."

அவர் மெல்லுவதை நிறுத்தினார். "நெஜமாவே தெரியாதா?"

"தெரியாது!"

ஹாலரனின் முகம் வெளுத்துவிட்டது. இத்தனை வருஷமும் அந்த ஆள் அவளைக் கூட்டாளி என்றே நினைத்திருக்கிறார். "நாங்க எல்லாரும் உங்களைப் பத்திப் பெருமையாத்தான் பேசுவோம். எதைக் கேக்கக் கூடாதுன்னு தெரிஞ்ச ஒரே வக்கீல்னு. அந்த தைரியத்துலதான் வின்ஸ் இன்னிக்கு..." குரல் இறங்கியது. "லமார்தான் செஞ்சான் மேடம். எங்களுக்குத் தெரியும்."

"எப்படித் தெரியும்?"

அவர் மீன் தட்டைக் கீழே வைத்துவிட்டு, விரல்களைத் துடைக்க ஆரம்பித்தார்.

வெளியே தட்டைத் தட்டி, "தலைவி! தலைவி!" என்று கத்தத் தொடங்கியிருந்தார்கள். பேட்ஜ் கொடுக்கிற நேரம். பேசாமல் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். கொடுத்தால் பதவி நிற்கும், பேர் நிற்கும். அந்தப் படியில் ஒடெஸாவும் நிற்பாள்.

மரச்சட்டத்தை மேஜையிலேயே விட்டுவிட்டு மைக்குக்குப் போனாள். ஹாலரனும் அந்தப் பிளாஸ்டிக் கண்ணாடியோடு மேடைக்குத் திரும்பினார்.

"வின்ஸ், அந்தக் கண்ணாடிக் கதைய இன்னொரு தடவை சொல்லுங்க. மொதல்லேர்ந்து, மெதுவா."

விசில் பறந்தது. வின்ஸ் உற்சாகமாக எழுந்து ஆரம்பித்தான்.

"இருங்க. கண்ணாடி உடஞ்சப்போ நீங்க பக்கத்துல இருந்தீங்களா?"

"பின்ன? என் வண்டிதான!"

"வேற கண்ணாடி அவர்கிட்ட இருந்துச்சா?"

"இல்ல. ரெண்டு நாள் கழிச்சுத்தான் புதுசு வந்துச்சு."

"டில்லர்ட் வீட்டுத் திரை?"

"அது மூடித்தான்..." வின்ஸ் பாதியில் நிறுத்தினான். முன்வரிசையில் சிரிப்பு அணைந்தது. பின்னால் இருந்தவர்கள் இன்னும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்து, பிறகு அவர்களும் நிறுத்தினார்கள். அவள் விளையாடவில்லை, சாட்சி விசாரிக்கிறாள் என்று ஒவ்வொருவராகப் புரிந்துகொண்டார்கள்.

"எல்லாரும் கேட்டீங்க" என்றாள். "திங்கக்கிழமை நான் நீதிபதிகிட்ட போறேன். உங்களையும் கூப்பிடுவாங்க. மறந்துபோச்சுன்னு ஒருத்தரும் சொல்லாதீங்க."

வின்ஸுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஓகோ! எங்களை மாட்டிவிட்டு நீங்க மட்டும் யோக்கியமா? அந்த வழக்கு யாரோடது? மொத நாள் வாயே திறக்காதவன் மறுநாள் வந்து பாத்தேன்னு சொன்னானே, நேத்து ஏன் சொல்லலன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா நீங்க?"

கூடமே அவளைத் திரும்பிப் பார்த்தது. இத்தனை வருஷமும் சாட்சிகளைக் கூண்டில் நிறுத்தியவள், மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"கேக்கல."

"ஏன்?"

"கேட்டா உண்மையச் சொல்லிடுவாரோன்னு பயமா இருந்துச்சு."

சொன்ன பிறகுதான் அது அவளுக்கே தெரிந்தது. தன் குரல் ஒலிபெருக்கியிலிருந்து திரும்பி வந்ததைக் கேட்டு அவளே அதிர்ந்துபோய் நின்றாள். மேடையில் ஹாலரன் அந்தப் பிளாஸ்டிக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.